பதினொரு நிமிடக் காற்று

'உப்புக் கிணறு' என்னும் படத்தை முழுமையாகப் பார்த்து முடித்தவர்கள் அனைவரையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்தப் பேருந்து கிளம்பாது. வண்டி இன்னும் சற்று நேரம் நிற்கட்டும் என்று பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் பொறுமையிழந்து இறங்கி நடந்துவிடுவார்கள்.

அது இத்தாலியர் எடுத்த கௌபாய் படம். எடுத்தவர்களிடம் நான்கு குதிரைகளும் ஒரு தெருவும் இருந்தன. தெரு என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். வீடுகளுக்கு முன்சுவர் மட்டுமே உண்டு, கதவைத் திறந்தால் பின்னால் மலை தெரியும். படத்தின் நடுவே கதாநாயகன் ஒரு வறண்ட கிணற்றருகில், கையில் கயிற்றைப் பிடித்தபடி, பதினொரு நிமிடம் நிற்கிறான். ஏதோ ஒரு கதவின் கீல் கிறீச்சிடுகிறது. காற்று வீசுகிறது. எட்டாம் நிமிடத்தில் அவன் மிக லேசாக, ஒரே ஒரு முறை, தலையை அசைக்கிறான். பிறகு மீண்டும் நிற்கிறான். கடைசியில் பகைவன் குதிரையில் வந்து சேர்கிறான். அதன்பின் சுட்டுக்கொள்வதெல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இந்தப் பதினொரு நிமிடத்தால் சங்கம் இரண்டாகப் பிளந்திருந்தது.

கௌபாய் பட ரசிகர்களின் அந்தச் சங்கம் ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில் கூடும். உறுப்பினர் பத்தொன்பது பேர். மூன்று சுவர்களில் சாலைக் குறிகள். வெறுமையாக விடப்பட்ட நான்காம் சுவரில் படம். பள்ளியின் உரிமையாளரே சங்கத் தலைவர். ஓட்டப் பழகுபவரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தம் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிழைப்பவர் என்பதால் அவருக்கு 'பிரேக் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. விவாதம் கைகலப்பில் முடியாதிருக்க அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். 'நில்' என்று எழுதிய கைப்பலகை எவரிடம் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். மற்றவர்கள் பெருமூச்சு விடலாம், அதற்குத் தடையில்லை.

கத்தரிக் கட்சிக்கு மருந்துக்கடைக்காரர் தலைவர். ஒரு மணி முப்பத்து நான்கு நிமிடப் படத்தைத் தம் கணினியில் வெட்டி ஐம்பத்தெட்டு நிமிடமாக்கியவர் அவர். பதினொரு நிமிடக் காட்சி அவர் கையில் ஒன்பது நொடியாயிற்று.

"ஒருத்தன் நிக்கிறான்னு புரிய ஒன்பது செகண்ட் போதாதா? என் கடையில மருந்துக்கு நிக்கறவங்ககூட இவ்வளவு நேரம் நிக்கறதில்ல சார்" என்பார், பலகையை ஆட்டியபடி.

"நிக்கறாங்க. நீங்கதான் நிமிர்ந்து பாக்கறதில்ல" என்று பலகையில்லாமலேயே ஒரு குரல் வரும்.

தலையசைப்பைப் பற்றியும் அவருக்கு ஐயமில்லை. "மூக்குல ஈ உக்காந்துச்சு, விரட்டினான். இதுக்குப் போயி ஒரு தத்துவமா?" பொறுமைக் கட்சியினரோ, சாவுக்குச் சம்மதம் சொன்ன ஒருவனின் தலையசைப்பு அது என்று நம்பினார்கள். ஆறு ஆண்டுகளாக ஈயும் சாவும் சம பலத்தில் இருந்தன.

எந்தக் கட்சியிலும் சேராதவள் வரியக்கா ஒருத்திதான். படத்தின் அடியில் ஓடும் வரிகளை எழுதுபவள் என்பதால் அந்தப் பெயர். இயந்திரக் கையேடுகளை இத்தாலிய மொழியிலிருந்து பெயர்க்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பதினேழு ஆண்டு வேலை. அவள் வரி எழுதிய முதல் படத்தில் கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டி, 'கைகளை உயர்த்தவும். மறு அறிவிப்பு வரை உயர்த்திய நிலையிலேயே வைத்திருக்கவும்' என்றான். சங்கம் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அவளும் சிரித்தாள், திருத்திக்கொண்டாள். ஆனால் கையேட்டு வேலையிலிருந்து வந்த ஒரு விதியை மட்டும் அவள் கைவிடவில்லை: பேசியது எதுவும் விடுபடக் கூடாது; பேசாதது எதுவும் சேரக் கூடாது.

கிணற்றுக் காட்சியில் பேச்சே இல்லை. எனவே அதன் தொடக்கத்தில் அடைப்புக்குள் ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தாள்: (காற்று). இரைச்சல் மிகுந்த அந்தப் பழைய பிரதியில் வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. பொறுமைக் கட்சியினர் அச்சொல்லைக் கவிதையாகத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஒருவர் அதைத் தம் ஸ்கூட்டரின் பின்புறம் ஒட்டிக்கொண்டார். பஞ்சர் கடைக்காரர் என்று நினைத்து இரண்டு பேர் அவரை வழிமறித்ததாகக் கேள்வி.

பொறுமைக் கட்சியில் அதிகம் பேசாத உறுப்பினர் ஒருவர் இருந்தார். அவர் வரியக்காவின் அத்தான். அவள் அக்காவின் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். சங்கத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தும், பலகை தம் கைக்கு வரும்போதெல்லாம் சூடான பாத்திரத்தைப் போல அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். அப்படிப்பட்டவர் இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தலைப்பு, 'தலையசைப்பு'. ஒரு திரைப்படக் காப்பகம் துப்புரவாக்கிய புதிய பிரதி சங்கத்துக்குக் கிடைத்து, வரும் ஞாயிறு அதைத் திரையிடுவது என்று முடிவானபோது, படம் முடிந்ததும் தமக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று அவரே பிரேக் சாரிடம் போய்க் கேட்டார். பிரேக் சாருக்கு அது அவர் குரல்தான் என்று உறுதியாகச் சற்று நேரம் பிடித்தது.

புதன்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏய், உங்கத்தான் கண்ணாடி முன்னாடி நின்னு படிச்சுப் பாக்கறாருடி. கல்யாணத்தன்னைக்குக்கூட அந்த மனுஷன் கண்ணாடி பாக்கல."

"நல்லா படிக்கிறாரா?"

"எனக்கென்ன தெரியும்? நடுவுல ஒரு இடத்துல தலையை வேற ஆட்டறாரு. என்னத்தான் கூப்பிடறாருன்னு போய் நின்னேன். 'போடி, அது கட்டுரை'ங்கறாரு." அக்கா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சிரிக்க மாட்டாங்கல்ல அங்க? அந்த மருந்துக்கடைக்காரன் வாய் சும்மா இருக்காதே."

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றாள் வரியக்கா.

வியாழக்கிழமை உணவு இடைவேளையில், அலுவலகத்தின் தடித்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய வரிகளைப் புதிய பிரதியோடு பொருத்திப் பார்க்க உட்கார்ந்தாள். கிணற்றுக் காட்சி வந்தது. இரைச்சல் நீங்கியிருந்தது. கீல் ஒலி தனியாகக் கேட்டது. காற்று தனியாகக் கேட்டது. காற்றுக்கு அடியில் ஒரு மனிதன் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் படத்தை நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றி, அறையில் எவராவது பேசுகிறார்களா என்று பார்த்தாள். எதிர் மேசைக்காரர் வாய் நிறையச் சோற்றோடு அவளைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

அந்தக் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தது. இவ்வகைப் படங்களில் ஒலியைப் பின்னர்தான் சேர்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பேச்சில்லாத காட்சிக்கு எதற்கு வீண் செலவு என்று, படம் பிடித்த இடத்தில் பதிவான ஒலியையே அப்படியே விட்டிருக்கிறார்கள். காற்று குரலை மூடிவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். காற்றும் இத்தனை காலம் அவர்களைக் கைவிடவில்லை.

மாலைக்குள் அவள் அனைத்தையும் எழுதி முடித்தாள்.

அங்கேயே நில். குதிரை ஓடிவிட்டது. பிடிக்கப் போயிருக்கிறார்கள்.

கேமராவை நிறுத்த முடியாது. இதை நிறுத்தினால் இன்று மறுபடி ஓடாது.

கயிற்றை விட்டுவிடாதே.

தெரிகிறது, வெயில்தான். நாங்களும் வெயிலில்தான் நிற்கிறோம்.

நான் பேசுவது கேட்கிறதா? பதில் சொல்லாதே. தலையை மட்டும் அசை.

இங்கே, எட்டாம் நிமிடத்தில், அவன் தலையை அசைத்தான்.

நல்லது. பிடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிலிம் இருக்கிறது. நில்.

வரியக்கா தான் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பிழை எதுவும் இல்லை. பிழை ஆறு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்துவிட்டது. ஒரு மனிதன் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அவள் காற்று என்று எழுதியிருந்தாள். அதன்மேல் ஒரு கட்சி எழுந்திருந்தது. அதன்மேல் இருபத்திரண்டு பக்கமும் எழுந்திருந்தன.

சனிக்கிழமை முற்பகல், அத்தான் வேலை செய்துகொண்டிருந்த ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குப் போனாள். அங்கே தகரக் கதவு போட்ட சிறிய அறையில் லிஃப்டை இழுக்கும் பெரிய சக்கரம் இருந்தது. அவர் அதன் அருகில் குந்தி, எஃகுக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ நேர்லயே வந்திருக்கேன்னா என்னமோ இருக்கு. அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அக்கா நல்லாதான் இருக்கா. இதை ஒரு தடவை பாருங்கத்தான்."

மடிக்கணினியை ஒரு பெட்டியின்மேல் வைத்து, ஹெட்போனைக் கொடுத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திரையில் கிணறு வந்தது. புதிய வரிகள் வந்தன. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. தலையசைப்பு கடந்தது. அவர் கடைசி நொடிவரை பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த மசகைத் துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் மசகைப் பூசினார்.

"ஈகூட இல்ல" என்றார்.

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"ஈயா இருந்திருந்தாக்கூட அந்த மருந்துக்கடைக்காரரோட சண்டை போட்டிருக்கலாம். இது... 'கேக்குதா, தலையை அசை'ங்கறான். இவன் அசைக்கிறான்." அவர் சக்கரத்தைப் பார்த்தபடி பேசினார். "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"நாளைக்கு ஒரு நாள் இதைப் போடாம இருக்க முடியுமாம்மா? பழைய வரியே ஓடட்டும். திங்கக்கிழமை நீ என்ன வேணாப் போட்டுக்க. நான் ஒரே ஒரு தடவை எழுந்து நின்னு படிச்சுட்டு உக்காந்துடறேன்."

அவர் அக்காவை மணந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளில் அவர் இவளிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. விதி அவள் நினைவுக்கு வருவதற்குள் 'சரி அத்தான்' என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏழு மாடியையும் படிக்கட்டில் இறங்கினாள், லிஃப்ட் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பறை நிறைந்திருந்தது. அத்தான் சலவைச் சட்டை அணிந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரியக்கா பழைய வரிகளோடு படத்தை ஓட்டினாள். கிணறு வந்தது. சுவரில் (காற்று) என்று தோன்றி மறைந்தது. மேலே மூன்று மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் குரல் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது. ஒவ்வொரு வரியும் அதற்குரிய நொடியில் மனத்துக்குள் ஓடியது. ஓட்டப் பழகுபவள் தவறான பாதையில் வண்டியைச் செலுத்துவது தெரிந்தும், காலடியில் பிரேக் இருந்தும், அழுத்தாமல் இருப்பதைப் போலிருந்தது. எட்டாம் நிமிடத்தில் பொறுமைக் கட்சி பெருமூச்சு விட்டது. மருந்துக்கடைக்காரர் தம் மூக்கின்மேல் இல்லாத ஓர் ஈயை விரட்டினார். பின்வரிசை சிரித்தது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. பிரேக் சார் 'நில்' பலகையை எடுத்து, இரு கையாலும், ஒரு விருதைப் போல, அத்தானிடம் கொடுத்தார்.

அத்தான் எழுந்து நின்றார். ஒரு கையில் பலகை, ஒரு கையில் தாள்கள். பக்கத்தைப் புரட்டக் கையில்லை. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். முதல் தாளைப் புரட்டிவிட்டு, இரண்டாம் தாளிலிருந்து தொடங்கினார்.

"'இந்தப் பதினொரு நிமிடங்களில் கிணற்றருகே நிற்பவனைவிடத் தனியான ஒரு மனிதனைத் திரையில் நான் கண்டதில்லை. அவனுக்கும் சாவுக்கும் நடுவில் காற்றைத் தவிர...'"

நிறுத்தினார். தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன சார், பதினொரு நிமிஷமும் நின்னே காட்டப் போறீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர். பிரேக் சார் பலகையைச் சுட்டிக்காட்டி அவரை அடக்கினார்.

வரியக்காவின் கை மடிக்கணினியின்மேல் இருந்தது. 'படிச்சுடுங்கத்தான், படிச்சுட்டு உக்காந்துடுங்க' என்று அவள் மனத்துக்குள் மன்றாடினாள்.

"இது தப்பு" என்றார் அத்தான்.

தாள்களைக் கீழே தாழ்த்தினார்.

"நான் எழுதினது தப்பு. அங்க காத்து மட்டும் இல்ல. ஒரு ஆள் பேசிக்கிட்டிருக்கார். கேமராவுக்குப் பின்னாடி." அவர் எவர் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரிலிருந்த 'வேகத்தைக் குறை' என்னும் குறியிடம் சொல்வதைப் போலச் சொன்னார். குதிரை ஓடிப்போனது, கேமராவை நிறுத்த முடியாமல் போனது, தலையை அசை என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை. "புதுப் பிரதியில கேக்குது. இவ கண்டுபிடிச்சா, வரியும் எழுதிட்டா. இன்னைக்குப் போடாதன்னு நான்தான் சொன்னேன். அவளை ஒண்ணும் கேக்காதீங்க."

ஒரு நாற்காலி நகரும் ஒலி கேட்டது. மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார்.

அத்தான் உட்கார்ந்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் அவர் நின்றார்.

"லிஃப்ட் நடுவுல நின்னுடும்ங்க. உள்ள ஆள் மாட்டிக்குவாங்க. நான் மேல போய்ச் சக்கரத்தைச் சுத்தறதுக்கு முன்னாடி கதவுகிட்ட நின்னு பேசுவேன். 'வந்துட்டேங்க. கதவைத் தள்ளாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான்'னு. சில பேர் பயத்துல பதில் சொல்ல மாட்டாங்க. 'கேக்குதுன்னா ஒரு தட்டு தட்டுங்க'ம்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளேர்ந்து ஒரே ஒரு தட்டு வரும். அதைக் கேட்டாதான் எனக்குக் கை ஓடும்." பலகை அக்குளிலிருந்து நழுவியது, பிடித்துக்கொண்டார். "இவன் தலையாட்டினது அந்தத் தட்டுதான். இவன் தனியாளே இல்லீங்க. கயித்தை விட்டுடாத, நாங்களும் வெயில்லதான் நிக்கறோம்னு ஒருத்தர் கூடவே பேசிக்கிட்டிருக்கார். தெனம் அதையே வேலையா செய்யற எனக்கு அது கேக்கல. கேக்காம, இருபத்திரண்டு பக்கம் அவனைத் தனியாளாக்கி எழுதிட்டேன்."

அவர் திரும்பி, பலகையை வரியக்காவிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கினாள். பேசுவதற்கு அவளிடம் அதிகம் இல்லை. "காத்துன்னு எழுதினது நான். அவர் தப்பு இல்ல" என்றாள். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, விசிறிகளையும் நிறுத்தச் சொல்லி, புதிய வரிகளோடு அந்தக் காட்சியை மட்டும் மீண்டும் ஓட்டினாள். முதலில் தோன்றிய (காற்று) என்ற சொல்லை அவள் நீக்கியிருக்கவில்லை. காற்றும் வீசத்தான் செய்தது.

விசிறியற்ற வெக்கையில் பத்தொன்பது பேரும் வியர்த்துக்கொண்டு பார்த்தார்கள். 'நாங்களும் வெயிலில்தான் நிற்கிறோம்' என்ற வரிக்கு எவரோ சிரித்தார். சிரிப்பில் ஏளனம் இல்லை. 'தலையை மட்டும் அசை' என்ற வரி வந்தபோது அறையே மூச்சை இழுத்தது. அவன் அசைத்தான். 'நல்லது' என்றது சுவர்.

விளக்கு எரிந்ததும் சண்டை வெடித்தது.

"குதிரை வரலையாம்யா! ஒரு குதிரை ஓடிப்போனதுக்கு ஆறு வருஷமா நம்மளை உக்கார வெச்சிருக்கீங்க!"

"அதான்யா விசேஷமே! மத்த படத்துலெல்லாம் காத்திருக்கற மாதிரி நடிக்கிறான், இவன் நிஜமாவே காத்திருந்திருக்கான்!"

"பிலிம் வீணாக்கூடாதுன்னு சேத்துட்டாங்க, அதுக்குப் பேரு கலையா?"

"அப்ப உங்க ஒன்பது செகண்ட்ல அந்தக் குரலை எங்க வைப்பீங்க? சொல்லுங்க பாப்போம்!"

பொறுமைக் கட்சிக்குள்ளேயே இரண்டு பேர் வரிகள் வேண்டாம் என்றார்கள், மர்மம் போய்விட்டதாம். கத்தரிக் கட்சியிலிருந்து ஒருவர் எதிர்ப்பக்கம் தாவினார். பலகை வரியக்காவின் மடியில் கேட்பாரற்றுக் கிடந்தது. "பலகை இல்லாம பேசாதீங்க!" என்று பிரேக் சார் பலகை இல்லாமல் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த இரைச்சலில் மருந்துக்கடைக்காரர் வரிசையைச் சுற்றிக்கொண்டு அத்தானிடம் வந்தார். வழக்கத்துக்கு மாறாகக் குரல் தணிந்திருந்தது.

"ஈன்னு சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"நான் சாவுன்னு சொன்னேன். நானும் வாங்கிக்கறேன்."

"நீங்க படிச்சிட்டே போயிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நானா இருந்தா படிச்சிருப்பேன்." அவர் சற்றுத் தயங்கினார். "என் கடை இருக்கற கட்டடத்து லிஃப்ட்ல போன வருஷம் நான் முக்கா மணி மாட்டிக்கிட்டேன். ஒருத்தனும் வந்து பேசல சார்." சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகவே கோபம் வந்தவர்போல, விறுவிறுவென்று சண்டைக்குத் திரும்பினார்.

வரியக்கா அத்தானுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவர் தாள்களை மடியில் அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். காதுமடல்கள் சிவந்திருந்தன.

"அக்கா கேப்பா. என்னன்னு சொல்லட்டும்?"

"பேசினேன்னு சொல்லு. தாளைப் பாக்காமயே பேசினேன்னு சொல்லு." அவர் தாள்களைப் புரட்டினார். "இதை மொத்தமா மாத்தி எழுதணும்."

"இருபத்திரண்டு பக்கத்தையுமா?"

அவர் முதல் தாளை எடுத்து, கையெட்டும் தூரத்தில் பிடித்து, நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"இந்த ஒரு பக்கம் இருக்கட்டும். இதுல படத்தோட நீளம் மட்டும்தான் இருக்கு."

"அந்த நீளத்தை நான் ஒத்துக்கல!" என்றார் மருந்துக்கடைக்காரர், அறையின் மறு மூலையிலிருந்து.